பட்டுப்புடவைக்கு அடியில்

கேள்வி: அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கிறோம். 16 வயது மகன் நாலு மாதமாகப் பள்ளி விட்டு வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். தூங்குவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்கிறான். மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்கிறது பள்ளி. 'ரெக்கார்டு ஆகிவிடும்' என்று கணவர் தடுக்கிறார். (பக்கத்துத் தெருவில் நகை திருட்டுப் போனதிலிருந்து அவர் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி, பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். பையனுக்குத் தெரியாது.) பள்ளிகளில் சுடுகிறவர்கள் எல்லாம் மனநோயாளிகள் என்கிறார்களே, இவனும் அப்படி ஆகிவிடுவானோ?
- பெயர் வேண்டாம்

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அதைத்தான் மூன்று தடவை படித்தேன். பையனுக்குத் தெரியாதா? தீபாவளிக்கு முன் ஒளித்து வைத்த முறுக்கு டப்பாவைக் கண்டுபிடிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அவன் பள்ளியிலிருந்து வந்து நீங்கள் வேலையிலிருந்து திரும்பும்வரை அந்த வீட்டில் அவனும் பீரோவும்தான்.

மனநோய் இல்லாத ஊர் உண்டா? அமெரிக்காவில் ஆட்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம், வித்தியாசம் அங்கேதான். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யார்மேலும் கை ஓங்க மாட்டார்கள். அந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. உங்கள் மகன் பேசுவதைப் பார்த்தால் எனக்கு அவனைப் பற்றித்தான் பயம்.

ஆக்ஸ்ஃபோர்டு பள்ளி உங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறது. 2021 நவம்பர் 30. 15 வயதுப் பையன் 4 மாணவர்களைக் கொன்றான். துப்பாக்கி, நாலு நாள் முன்பு அப்பா வாங்கியது. அன்று காலை அவன் கணக்குத் தாளில் துப்பாக்கியை வரைந்து, உதவி கேட்டும் எழுதியிருந்தான். பள்ளி கூப்பிட்டது. பெற்றோர் வந்தார்கள், தாளைப் பார்த்தார்கள், பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். 2024-ல் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை. ரெக்கார்டுக்குப் பயப்படுகிற உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். சிறுவர்கள் உள்ள வீட்டில் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே சட்டமே இருக்கிறது.

குடும்ப மானம் எனக்கும் பெரிதுதான், நான் அந்தக் காலத்து ஆள். ஆனால் வளையலுக்குக் காவல் வைத்துவிட்டுப் பெற்ற பிள்ளையைக் காய்ச்சலோடு கிடக்க விடுகிறவருக்கு அப்பா என்று எதற்குப் பெயர்? அவர் தடுக்கிறார் என்று நாலு மாதம் சும்மா இருந்த உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இன்றைக்கே அந்தத் துப்பாக்கி வீட்டை விட்டுப் போக வேண்டும். உள்ளூர் போலீசுக்கு போன் செய்து எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். அதுவரை பூட்டு, சாவி உங்கள் இடுப்பில். மருத்துவருக்கு நாள் கேளுங்கள், கணவர் வந்தாலும் வராவிட்டாலும். அவசரம் என்றால் 988, அங்கே தற்கொலைத் தடுப்பு உதவிக்கான போன் எண், எந்த நேரமும் எடுப்பார்கள்.

அப்புறம் ராத்திரி இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு அவன் அறைக்கே போங்கள். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பதில் வர நேரமானாலும் எழுந்து வந்துவிடாதீர்கள்.