சூரியப் புயல் கேள்வி பதில்: வடக்கா, தெற்கா?

கேள்வி: சார், சூரியனில் வெடிப்பு நடந்தது உடனே தெரிகிறது. பூமியில் புயல் எவ்வளவு பலமாக இருக்கும் என்று மட்டும் ஏன் சொல்ல முடிவதில்லை?

பதில்: வெடிப்பின் வெளிச்சம் 8 நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் பூமியில் காந்தப் புயலைக் கிளப்புவது சூரியன் வீசியெறியும் பிளாஸ்மா மேகம், அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்களின் மேகம். அது வந்து சேர ஒரு நாளும் ஆகலாம், நான்கு நாளும் ஆகலாம். விண்கலங்கள் எடுக்கும் படத்தில் வேகத்தை அளந்து நேரம் குறிக்கிறோம். பத்து மணி நேரம் முன்பின் ஆவது சகஜம்.

பலம்தான் தலைவலி. மேகத்துக்குள் இருக்கும் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் புலத்தோடு பிணைந்து கதவைத் திறந்துவிடும். வடக்கு என்றால் பெரிய மேகம்கூட பெரும்பாலும் உரசிக்கொண்டு போய்விடும். அந்தத் திசை படத்தில் தெரியாது. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே, பூமியோடு சேர்ந்தே சுற்றும் இடமான எல்1 புள்ளியில் நிற்கும் விண்கலத்தை மேகம் தொட்ட பிறகுதான் தெரியும். அங்கிருந்து பூமி 15 லட்சம் கி.மீ. நொடிக்கு 500 கி.மீ. வேகம் என்றால் நமக்குக் கிடைப்பது 50 நிமிடம். மூன்று நாள் முன்பே 'பயங்கரப் புயல்' என்று எழுதுபவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வடக்கா, தெற்கா?

கேள்வி: நாளை மறுநாள் இண்டர்நெட் போய்விடுமாமே?

பதில்: போகாது. தேதி இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.

கேள்வி: நான் திருநெல்வேலி. இதெல்லாம் துருவப் பக்கத்துச் சமாச்சாரம்தானே?

பதில்: அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு, உங்கள் பக்கமாகத்தான் போகிறது. சுமார் 105 கி.மீ. உயரத்தில் பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் உங்கள் ஊரில் ஆய்வகம் வைத்திருப்பதே அதற்காகத்தான். பகலில் மேகம் வந்து மோதினால் காந்தமானிக் கோடு சடாரென்று துள்ளும். கொஞ்சம் வடக்கே தள்ளியிருக்கும் ஊர்களைவிட உங்களிடம் அந்தத் துள்ளல் பெரிது. 2024 மே புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜிபிஎஸ் தடுமாறி டிராக்டர்கள் நின்றன.

கேள்வி: எல்1 போதாதென்றால் சூரியனுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கலத்தை நிறுத்த வேண்டியதுதானே?

பதில்: நிறுத்த முடியாது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனால் சுற்றி வர 312 நாள்தான் ஆகும். பூமிக்கு 365. சில மாதத்தில் முந்திப் போய்விடும்.

அவரே மறுபடியும்: வரிசையாக நாலைந்து விடுங்கள். ஒன்று விலகினால் அடுத்தது வரும்.

பதில்: செலவு யார் தலையில்? ஆனால் யோசனை தப்பில்லை.

இன்னொருவர்: சூரியனைப் பார்க்க இந்தியா அனுப்பிய ஆதித்யா விண்கலம் இருக்கிறதே, அது போதாதா?

பதில்: ஆதித்யாவும் எல்1-இல்தான் இருக்கிறது. அதே 50 நிமிடம்தான். மேகம் வேகமாக வந்தால் அதுவும் கிடையாது.

முதல் ஆள்: அதைத்தானே நானும் சொல்கிறேன்!

பதில்: சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். பூமியையும் சூரியனையும் இணைக்கும் கோட்டை மாறி மாறிக் கடக்கும் கலங்கள் இருந்தால், ஒரு நாள் முன்பு இல்லாவிட்டாலும் சில மணி நேரம் முன்பாவது திசை தெரியும்.

கேள்வி: சூரியப் புள்ளியால் பூகம்பம் வருமா?

பதில்: அதை வைத்து எந்தப் பூகம்பத்தையும் கணிக்க முடியாது. அடுத்தது.

கேள்வி: காந்த ஊசி ஆடுமா?

பதில்: நம் பக்கம் கண்ணுக்குத் தெரியாது. 1859-இன் பெரும் புயலில் பம்பாய் கொலாபாவில் பதிவான காந்தப்புல வீழ்ச்சி சுமார் 1600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). அங்கே கிடைமட்டப் புலத்தில் அது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

கேள்வி: சார், இண்டர்நெட்...

பதில்: மேலே பாருங்கள்.