திடீரென்று அடைத்த காது: குறும்பியா, நரம்பா?

கேள்வி: எனக்கு வயது 43. ஐந்து நாளாக வலது காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. தலைக்குக் குளித்த அன்று ஆரம்பித்தது. பட்ஸ் விட்டுத் துடைத்தேன். கொஞ்சம் குறும்பி வந்தது, ஆனால் அடைப்பு கூடிவிட்டது. உள்ளே 'ங்கொய்' என்று ஓர் இரைச்சலும் கேட்கிறது. வலி இல்லை, சீழும் இல்லை. எண்ணெய் விட்டுப் பார்க்கலாமா, டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா?

பதில்: எண்ணெயைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். சத்தமில்லாத அறையில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில் 'ம்ம்ம்' என்று நீளமாக முனகுங்கள். ஒலி எந்தக் காதில் அதிகமாகக் கேட்கிறது என்று கவனியுங்கள். அடைத்த வலது காதில் என்றால், கோளாறு பெரும்பாலும் வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. நன்றாக இருக்கும் இடது காதில் என்றால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இன்றைக்கே ஓர் இ.என்.டி. மருத்துவரைப் பாருங்கள்.

இது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நாம் முனகும்போது அந்த அதிர்வு மண்டை எலும்பு வழியாகவே இரண்டு பக்கத்து உட்காதுகளுக்கும் போகிறது. வெளிக்காது அடைபட்டிருந்தால் வெளிச்சத்தம் அந்தக் காதுக்குள் வராது. எலும்பு வழி வந்த ஒலியும் குழாய் வழியாக வெளியே கசியாது. அதனால் அடைத்த பக்கமே உரக்கக் கேட்கும். காது நன்றாக இருப்பவர்கள் ஒரு காதை விரலால் மூடி முனகிப் பார்த்தால் ஒலி அந்தப் பக்கம் சாய்வது உடனே புரியும். உட்காதோ செவி நரம்போ பழுதாகியிருந்தால் கதை தலைகீழ். அந்தப் பக்கத்தால் ஒலியை வாங்க முடியாததால் நல்ல காதில்தான் கேட்கும். மருத்துவர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வைரஸ் தொற்றினாலோ, பெரும்பாலும் காரணமே தெரியாமலோ, ஒரே நாளில், அல்லது 3 நாளுக்குள், ஒரு காதின் உட்பகுதி செயலிழந்துபோவது உண்டு. அதில் வலி இருக்காது. காது அடைத்த மாதிரியும் இரைச்சலுமாகத்தான் அது ஆரம்பிக்கும், அப்படியே நீங்கள் எழுதியிருப்பது போல. குறும்பிதான் என்று நினைத்துப் பலர் வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். இதற்கு ஸ்டீராய்டு மருந்தை முதல் 2 வாரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குக் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். தாமதித்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட உறுப்பில் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. அவை செத்துப்போனால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

சரி, உங்களுக்கு ஒலி வலது பக்கம்தான் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் குறும்பியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குளித்த அன்று ஆரம்பித்ததும் அதற்குப் பொருந்துகிறது. செவிக்குழாய் கிட்டத்தட்ட 2.5 செ.மீ. நீளம், லேசாக வளைந்தது. அதில் குறும்பி ஓர் ஊசித்துளை அளவு வழி விட்டிருந்தாலும் சத்தம் தாராளமாக உள்ளே போகும். எந்தக் குறையும் தெரியாது. தண்ணீர் பட்டதும் காய்ந்த குறும்பி ஊறி உப்பி அந்தத் துளையையும் மூடிவிடும். நேற்றுவரை நன்றாக இருந்த காது ஒரே குளியலில் அடைத்துக்கொள்வது இப்படித்தான்.

பட்ஸ் விட்டதும் ஏன் கூடியது? குறும்பி சுரப்பது குழாயின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டும்தான். உள்ளே இருக்கும் எலும்புப் பகுதியில் சுரப்பிகளே இல்லை. மிக மெல்லிய தோல் எலும்பின்மேல் ஒட்டியிருக்கிறது. செவிப்பறையிலிருந்து அந்தத் தோல் மெதுவாக வெளிப்பக்கம் நகர்ந்து வளர்ந்து, குறும்பியையும் செத்த தோலையும் கூடவே வெளியே தள்ளிவிடும். காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்பது இதைத்தான். பட்ஸ் அந்த நகர்வுக்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பஞ்சில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், மீதி செவிப்பறை வரை போய்ப் பொதியும். பட்ஸ், கொண்டை ஊசி, சாவி எதுவுமே வேண்டாம். காது மடலைத் துண்டால் துடைத்தால் போதும். குறும்பி அழுக்கும் இல்லை. தண்ணீரையும் கிருமிகளையும் பூஞ்சையையும் தடுக்கத்தான் அது இருக்கிறது. சுரண்டிச் சுரண்டி எடுப்பவர்களுக்குத்தான் காதரிப்பும் பூஞ்சைத் தொற்றும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிறேன்.

இப்போது எண்ணெய். செவிப்பறையில் ஓட்டை இல்லை, முன்பு காதில் அறுவை சிகிச்சை நடக்கவில்லை, சீழோ ரத்தமோ வந்ததில்லை என்றால் ஆலிவ் எண்ணெயோ, மருந்துக் கடையில் கிடைக்கும் குறும்பி இளக்கும் சொட்டு மருந்தோ விடலாம். அறை வெப்பத்தில் இருக்கட்டும், சூடாக்க வேண்டாம். இடது பக்கமாகப் படுத்து 3, 4 சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை. முதல் ஓரிரு நாள் அடைப்பு கூடுவது போலத் தோன்றும். குறும்பி ஊறுகிறது, பயம் வேண்டாம். எரிச்சலோ வலியோ வந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் வெறும் எண்ணெயை நம்பி இருந்துவிடாதீர்கள். முனகல் சோதனை வீட்டில் வழி காட்டுவதற்கு மட்டும்தான், காதுக்குள் பார்ப்பதற்கு ஈடாகாது. ஒலி வலது பக்கம் கேட்டாலும் இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எண்ணெயில் இளகியிருந்தால் அவருக்கும் எடுப்பது சுலபம். உறிஞ்சு குழாயாலோ சிறு கருவியாலோ பார்த்துக்கொண்டே எடுப்பார். தண்ணீர் பீய்ச்சுவதென்றால் அது உடல் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த நீர் பட்டால் உட்காதின் சமநிலை உறுப்பு தூண்டப்பட்டு அறையே சுற்றும். சுத்தம் செய்யும்போது இருமல் வந்தால் திகைக்க வேண்டாம். தொண்டைக்கும் நுரையீரலுக்கும் போகும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை செவிக்குழாயிலும் ஓடுகிறது.

குறும்பியே இல்லை என்று அவர் சொல்லவும் கூடும். அண்மையில் சளி பிடித்திருந்ததா? மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் வீங்கி அடைத்தால் செவிப்பறைக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும், நீரும் கோத்துக்கொள்ளும். அதற்குச் சொட்டு மருந்தால் பயனில்லை. மூக்கைத்தான் கவனிக்க வேண்டும். இரைச்சலைப் பொறுத்தவரை, அடைப்பு நீங்கினால் பெரும்பாலும் அதுவும் அடங்கிவிடும்.

காது மடலை இழுத்தாலே வலித்தால் அது குழாய்த் தோலின் தொற்று. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது எலும்புவரை பரவும் ஆபத்து இருப்பதால் அன்றைக்கே காட்ட வேண்டும். தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல் சேர்ந்து வந்தாலும் அப்படியே.

குறும்பியை எடுத்த பிறகும் காது தெளியவில்லை என்றால் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அன்றைக்கே கேட்கும் திறன் சோதனையான ஆடியோகிராம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.