பில்டரும் லைன் வீடும்

அன்புள்ள அக்கா,

நான் குன்னூர்க்காரன். கோவையில் சிவில் படித்துவிட்டு ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஏழைகளுக்கான வீட்டை அரசாங்கம்தான் கட்ட வேண்டும் என்ற பிடிவாதம் எதற்கு? சென்னை புளியந்தோப்பில் 2021-ல் புதுக் குடியிருப்பின் சுவரைத் தொட்டதும் பூச்சு உதிர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். நீலகிரியில் அரசு நிலத்தைத் தனியார் பில்டர்களிடம் கொடுக்கலாம். 35 சதவீத வீடுகள் ஏழைகளுக்கு, மீதியை அவர்கள் விற்றுக்கொள்ளட்டும். அரசுக்குச் செலவில்லை, தரமும் கிடைக்கும். மும்பையில் செய்கிறார்கள். சிங்கப்பூரே தனியாரைச் சேர்த்துக்கொண்டதே! ஓசியில் வீடு கொடுத்தால் வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்பதும் உண்மைதானே? எழுத்தாளர்கள் மட்டும் ஏன் பில்டர் என்றாலே வில்லனாகப் பார்க்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்), குன்னூர்

அன்புள்ள தம்பி,

தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள், தோட்டம் கொடுத்த வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குன்னூரில் பிறந்த பிள்ளை, இந்த மலையில் வீடில்லாதவர்கள் யார் என்று கேட்காமலேயே வீட்டைக் கட்டி முடித்துவிட்டீர்கள். கோபம் வந்தது. ஆனாலும் சொந்த ஊரைப் பற்றி இந்த வயதில் இவ்வளவு யோசிக்கிறீர்களே என்று மனசு நிறைந்தது.

வில்லன் கேள்வியை விட்டுவிடுவோம், அதில் பேச ஒன்றுமில்லை. புளியந்தோப்பில் அந்தப் பூச்சு வேலையைச் செய்தது டெண்டர் எடுத்த தனியார் ஒப்பந்ததாரர்தான். அரசு தவறியது மேற்பார்வையில். மேற்பார்வை இல்லாத இடத்தில் யார் கட்டினாலும் சுவர் உதிரும்.

‘ஓசி’ என்று இனி எனக்கு எழுதாதீர்கள். தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீடுகளுக்குப் பயனாளிகள் பங்குத்தொகை கட்டுகிறார்கள், கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். கூவம் கரையிலிருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்விட்டார்கள். வேலை பழைய இடத்தில், வீடு ஊருக்கு வெளியே. விடியற்காலையில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டிய பெண் அங்கிருந்து எப்படிப் போவாள்? அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொள்வதைக் குற்றம் என்று சொல்ல உங்களுக்கோ எனக்கோ அருகதை இல்லை.

சிங்கப்பூரை எல்லோரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-ல் தொடங்கியது. கட்டுமான வேலையைத் தனியார் ஒப்பந்ததாரர்கள் செய்தாலும் நிலம், விலை, யாருக்கு வீடு என்ற மூன்றும் கழகத்தின் கையில். 2005-ல் ஒரு சோதனை செய்தார்கள். வடிவமைப்பது, கட்டுவது, விலை வைத்து விற்பது எல்லாமே பில்டர் பாடு. விலை ஏறிக்கொண்டே போனது. 2011-ல் தெம்பனீசில் ஒரு ஐந்தறை வீட்டுக்கு 8,80,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை விலை சொன்னதும் மக்கள் கொதித்துப்போனார்கள். அந்த ஆண்டே திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். நீங்கள் சொன்ன ‘சேர்த்துக்கொண்டது’ இதுதான்.

இனி மும்பை. தம்பி, நீங்கள் எஞ்சினியர், இந்த இடத்தைப் பொறுமையாகப் படியுங்கள். 1995-ல் அங்கே தொடங்கிய குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் குடிசைவாசிக்கு முதலில் 225 சதுர அடி வீடு, பணம் வாங்காமல். பிறகு 269, இப்போது 300. பில்டருக்கு அந்தச் செலவு எங்கிருந்து திரும்பி வருகிறது? அதே மனையில் இருபது முப்பது மாடிக் கட்டடம் எழுப்பி விற்கிறார். மும்பையின் கணக்கு முழுக்க உயரத்தில் நிற்கிறது.

நீலகிரியில் உயரம் ஏது? 7 மீட்டருக்கு மேல் எழுப்பக் கூடாது. தரைத்தளம், அதற்கு மேல் ஒரு மாடி, அவ்வளவுதான். ஜேசிபி இறக்குவதற்குக்கூட அனுமதி வேண்டும். 1978, 1979 நிலச்சரிவுகளைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். 2009 நவம்பர் மழையில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மேலே போக முடியாத பில்டர் லாபத்தை வேறு எதிலிருந்து எடுப்பார்? நிலத்திலிருந்துதான், அதுவும் ‘வியூ’ இருக்கிற நிலத்திலிருந்து. ரோட்டை ஒட்டிய சமதளம், பள்ளத்தாக்கைப் பார்க்கிற முகப்பு எல்லாம் வில்லாவுக்குப் போகும். சரிவின் அடிவாரம், மேலேயிருந்து வரும் மழைத்தண்ணீர் எல்லாம் இறங்குகிற ஓடைக்கரை, உங்கள் 35 சதவீதத்துக்கு வரும். பில்டர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வரைபடத்தை உங்கள் கையில் கொடுத்து லாபம் காட்டு என்றால் நீங்களும் அப்படித்தான் கோடு போடுவீர்கள்.

அதோடு அந்தச் சதவீதத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 35 பேருக்கு வீடு வேண்டுமானால் 65 வீடுகளை விற்றாக வேண்டும். குன்னூரில் 100 குடும்பத்துக்கு வீடு கிடைக்க, மலை 286 வீடுகளைச் சுமக்க வேண்டும். அதில் 186 வீடுகள் வருஷத்தில் சில வாரம் வந்து போகிறவர்களுக்கு. அந்த 186-க்கும் தண்ணீர் வேண்டும், கழிவுநீர்த் தொட்டி வேண்டும், கார் போக ரோடு வெட்ட வேண்டும். செலவில்லை என்கிறீர்கள். மலை கொடுக்கிற விலையை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

தனியார் கட்டித் தரும் வீடு இந்த மலைக்குப் புதிதும் அல்ல. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை ஆனது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் எங்கும் நிற்கிற லைன்கள் அந்தக் கடமையின் லட்சணம்.

என் அத்தை அப்படி ஒரு லைனில் வாழ்ந்தார். 1964 சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. ஹட்டன் பக்கத்து லயத்திலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கி, கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்து லைனில் வந்து சேர்ந்தார். தகரக் கூரை, ஒரு காம்பரா (அறை), அதை ஒட்டி அடுப்படி. அடுப்புக்கு மேலே சாமான் வைக்க ஒரு பலகை அடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. எஸ்டேட் சுவர், கேட்காமல் ஆணி அடிக்கக் கூடாது என்றார்கள். தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டக்டரிடம் கேட்டார். பார்க்கலாம் என்றார் கண்டக்டர். அடுத்தடுத்து வந்தவர்களும் பார்க்கலாம் என்றார்கள். தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டித் தழும்பேறிய அத்தையின் கைக்கு ஒரு ஆணி அடிப்பது பெரிய காரியமா? கடைசி வரை அடிக்கவில்லை. இரண்டு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து, அதன்மேல் பலகையைக் கிடத்தி, மஞ்சள் தூள் டப்பாவையும் மிளகாய்த் தூள் டப்பாவையும் வரிசையாக வைத்திருந்தார். குனிந்து குனிந்து எடுத்தார். வேலையிலிருந்து நிற்கிற நாள் வரைக்கும் அந்தப் பலகை தரையோடுதான் இருந்தது.

நின்ற பிறகு, காம்பராவைக் காலி செய்து சாவி கொடுத்தால்தான் கிராஜுட்டி (பணிக்கொடை) என்றார்கள். கிராஜுட்டி வந்தால்தானே வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும்? 1972 பணிக்கொடைச் சட்டம் 30 நாளுக்குள் கொடு என்றது. அத்தைக்கு அந்தச் சட்டம் தெரியாது, தெரிந்த எங்களுக்கு அன்றைக்குத் துணிச்சல் இல்லை. கோத்தகிரியில் அப்பா பிடித்திருந்த வாடகை வீட்டின் முன்னறையில் வந்து படுத்தார். அந்தத் தோட்டத்தின் கொழுந்தெல்லாம் எத்தனை வருஷம் அவர் கை பட்டு ஃபேக்டரிக்குப் போயிருக்கும்!

உங்கள் பில்டர் விஷயத்தில் எனக்குப் பயம் இந்த இடத்தில்தான். முதலாளிக்குக் கொழுந்து பறிக்க ஆள் வேண்டியிருந்த வரைக்கும் லைன் நின்றது. தேயிலை விலை சரிந்ததும் கூரை ஒழுகினாலும் கேட்க ஆளில்லை. பில்டருக்குக் கடைசி வில்லா விற்கிற வரைக்கும் உங்கள் 35 சதவீதம் வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் தடுப்புச் சுவர் விரிசல் விட்டால், அந்தச் சுவருக்குக் கீழே குடியிருப்பவள் யாரைத் தேடிப் போவாள்?

பில்டரே கட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. கட்டி, கூலி வாங்கிக்கொண்டு போகட்டும். நிலம் மட்டும் அவர் கைக்கு மாறக் கூடாது. இந்த மலையில் வீட்டுப் பிரச்சினை பாதி பட்டாப் பிரச்சினை. சொந்த நிலத்தில் தானே வீடு கட்டிக்கொள்ள, நகர்ப்புறத் திட்டத்தில் மத்திய அரசு 1.50 லட்சமும் மாநில அரசு 60 ஆயிரமும் என்று 2.10 லட்சம் கொடுத்தார்கள். அதற்கு நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கூடலூர் பக்கம், ஜென்மி என்ற பழைய நிலவுடைமையாளர்களின் நிலவுரிமையை ஒழிக்க வந்த ஜென்மம் நிலச் சட்டத்தின் 17-வது பிரிவில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் 1969-லிருந்து காத்திருக்கின்றன. வீடு நிற்கிறது, பட்டா இல்லை, பலருக்கு மின்சாரமும் எளிதில் கிடைக்கவில்லை. அவர்களுக்கு எந்த பில்டர் என்ன செய்துவிட முடியும்?

பட்டா இருப்பவர்களுக்கும் அந்த 2.10 லட்சம் சமவெளிக் கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து மணலும் கம்பியும் செங்கல்லும் லாரியில் ஏற்றி வந்து, ரோட்டோரம் கொட்டி, அங்கிருந்து படி படியாகத் தலைச்சுமையில் இறக்க வேண்டும். சரிவில் கட்டுகிறவர்களுக்கு மண்ணுக்கு மேலே சுவர் எழும்புவதற்கு முன்னாலேயே தடுப்புச் சுவருக்குப் பணம் போய்விடுகிறது. பாதியில் நிற்கிற வீடுகளை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கணக்கை நீங்கள் போடுங்கள், தம்பி. குன்னூரில் ரோட்டிலிருந்து 100 படி கீழே, 300 சதுர அடி வீடு, தடுப்புச் சுவர், மழைநீர் போகக் கால்வாய், தலைச்சுமைக் கூலி எல்லாம் சேர்த்து இன்றைய விலையில் எவ்வளவு ஆகும் என்று இனம் இனமாக எழுதி அனுப்புங்கள். அப்படியே இங்கே வெளியிடுகிறேன். பெயர் போடலாமா வேண்டாமா என்பதையும் அப்போது சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா