ரோம் நகரை நாஜி ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நாட்களைச் சொல்லும் இத்தாலியப் படம் 'ரோம், திறந்த நகரம்'. அது ஜெர்மானியர் கண்ணில் மண்ணைத் தூவி ரகசியமாக எடுத்த படமா?

இல்லை. நேச நாட்டுப் படைகள் ரோமுக்குள் நுழைந்தது 1944 ஜூன் 4. இயக்குநர் ரொஸெல்லினி படப்பிடிப்பைத் தொடங்கியது 1945 ஜனவரி. அப்போது சண்டை வடக்கு இத்தாலிக்கு நகர்ந்துவிட்டது.

தெருப் புகைப்படக்காரர்களிடம் மிச்சம்மீதி ஃபிலிமை வாங்கி ஒட்டுப்போட்டார்கள் என்பதும் அப்படியே நம்பத்தக்கதல்ல. 1990களில் நெகட்டிவைச் சீரமைத்தபோது தென்பட்டவை மூன்றே வகை ஃபிலிம்: வெளிப்புறத்துக்கு ஃபெர்ரானியா சி6, உட்புறத்துக்கு அக்ஃபா சூப்பர் பான், அக்ஃபா அல்ட்ரா ராபிட். வெளிச்சமும் கான்ட்ராஸ்ட்டும் முன்னுக்குப்பின் மாறுவதற்கு முக்கியக் காரணம், லேபில் ஃபிலிமை ஒரே சீராகக் கழுவாததுதான். பலர் 'யதார்த்த பாணி' என்று மெச்சுவதில் கொஞ்சம் லேப் கோளாறும் உண்டு!

வசதிப் பஞ்சம் மட்டும் நிஜம். ரோமின் சினெசித்தா ஸ்டுடியோ அகதி முகாமாகியிருந்ததால், கெஸ்டபோ (நாஜி ரகசிய போலீஸ்) அலுவலகம், சித்திரவதை அறை போன்ற செட்டுகளை வியா தெலி அவிஞொனேஸி தெருவில் ஒரு கூடத்துக்குள் போட்டார்கள். ஒலி இல்லாமல் எடுத்துப் பிறகு டப்பிங் செய்தார்கள். நாஜி எதிர்ப்புப் போராளி மன்ஃப்ரெதி பாத்திரத்தின் குரல்கூட, அதில் நடித்த பலியேரோவுடையது இல்லை. 'எல்லாரும் தெருவில் பிடித்து வந்தவர்கள்' என்பதும் தவறு. அன்னா மஞானி, ஆல்தோ ஃபப்ரீத்ஸி இருவரும் மேடைகளில் பேர்வாங்கிய கலைஞர்கள்.

படத்தில் மஞானி நடித்த பீனாவின் சாவுக்குப் பின்னால் நிஜச் சம்பவம் இருக்கிறது. 1944 மார்ச் 3 அன்று, பிடிபட்ட கணவனைப் பார்க்கப் படைமுகாம் வாசலுக்கு வந்த கர்ப்பிணி தெரேஸா குல்லாச்சேயை ஜெர்மன் சிப்பாய் சுட்டுக் கொன்றான். ஃபப்ரீத்ஸி நடித்த பாதிரியார் தொன் பியெத்ரோவில் மொரொஸினி, பப்பகால்லோ என்று கொல்லப்பட்ட இரண்டு பாதிரிமார் கலந்திருக்கிறார்கள்.

பார்க்கும்போது வாணலிக் காட்சியைத் தவறவிடாதீர்கள். ஜெர்மானியர் வீடு வீடாகச் சோதனையிடும்போது ஆயுதத்தை மறைக்க வந்த பாதிரியார், சாகக் கிடப்பவராக நடிக்க மறுக்கும் தாத்தாவை வாணலியால் அடித்து மயக்கிப் படுக்க வைக்கிறார். தியேட்டர் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், லாரியில் ஏற்றப்பட்ட தன் வருங்காலக் கணவன் ஃபிரான்செஸ்கோவைப் பார்த்து பீனா காவலைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறாள். லாரிப் பக்கமிருந்து அவள் ஓடிவருவதைக் காண்கிறோம். ஒரு வெடிச் சத்தம், நடுரோட்டில் உடல். க்ளோசப் வைத்து முன்கூட்டியே எச்சரிப்பதெல்லாம் இல்லை. அன்று அவளுக்குக் கல்யாண நாள். கதாநாயகி என்று நாம் நினைத்தவள் பாதிப் படத்திலேயே போய்விடுகிறாள்.

சீரமைத்த பிரதியையே தேடுங்கள். ஜெர்மன் வசனங்களுக்கும் சப்டைட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் குடிபோதையில் ஜெர்மன் அதிகாரி ஹார்ட்மன் தன் ஆட்களையே சாடுவது புரியாமல் போகும்.