கடிதம்: ‘பர்சனல் ரீசன்ஸ்’னு மெயில் வந்துச்சு

வணக்கம் சார்,

நான் ஒரு தனியார் பேங்க்ல சேல்ஸ்ல இருக்கேன், ஊர் பேர் வேண்டாம். போன மாசம் எங்க டீம்ல ஒருத்தர் தற்கொலை பண்ணிக்கிட்டார். என்னைவிட ரொம்ப சீனியர். கடைசி ரெண்டு குவார்ட்டரா டார்கெட் வரல. காலைல நிக்க வச்சு கேப்பாங்க, சாயங்காலம் ரிவ்யூ கால்ல அத்தனை பேர் முன்னாடி திரும்பவும் கேப்பாங்க, இன்னிக்கு எத்தனை அக்கவுண்ட், இன்சூரன்ஸ் எத்தனை லாகின்னு. அப்புறம் பிஐபில போட்டாங்க (பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான், அதுல தேறலன்னா வேலை போயிடும்). அவர் இறந்த மறுநாள் எச்ஆர்லேர்ந்து மெயில், ‘பர்சனல் ரீசன்ஸ்’னு, கூடவே ஒரு வெல்னஸ் வெபினார் லிங்க். அன்னிக்கு சாயங்காலமும் ரிவ்யூ கால் நடந்துச்சு.

மேனேஜர் என்ன சொல்றார்னா, வீட்டுக்கடன் இருந்துச்சு, வீட்ல சண்டை, ஆளு கொஞ்சம் சென்சிட்டிவ், நாம எல்லாருமே இதே டார்கெட்லதானே இருக்கோம்னு. எனக்கும் பதில் தெரியல சார். எல்லாருக்கும் அதே பிரஷர்தான், அவர் மட்டும் ஏன்? கம்பெனிய குத்தம் சொல்றது நியாயமா? வாட்ஸ்அப் குரூப்ப எல்லாரும் க்ளியர் பண்ணிடுங்கன்னு வாய்மொழியா சொல்லியிருக்காங்க. என் பேர் போடாதீங்க.

*

வணக்கம்,

‘ஆளு கொஞ்சம் சென்சிட்டிவ்’ங்கறத உங்க மேனேஜர் புதுசா கண்டுபிடிக்கல. ஜப்பான்ல டென்ட்சுன்னு பெரிய விளம்பரக் கம்பெனி. அங்க 1990ல சேர்ந்த ஒரு பையன், 24 வயசு, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல தற்கொலை பண்ணிக்கிட்டான். விடிய விடிய ஆஃபீஸ்ல இருந்துட்டு வீட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரம்கூட தூங்காம திரும்பக் கிளம்பிப் போன பையன். பெத்தவங்க கேஸ் போட்டாங்க, 1996ல டோக்கியோ மாவட்ட கோர்ட் சுமார் 12.6 கோடி யென் கொடுக்கச் சொல்லுச்சு. ஹைகோர்ட் அதுல 30 சதவீதத்த வெட்டிடுச்சு. ஏன்னு கேட்டா, பையன் எல்லாத்தையும் தன் தலைல இழுத்துப் போட்டுக்கற சுபாவமாம், கூடவே இருந்த அப்பா அம்மாவும் கவனிச்சிருக்கணுமாம். 2000 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அந்த வெட்டு செல்லாதுன்னு சொல்லிடுச்சு. மனுஷங்க சுபாவம் பலவிதமாத்தான் இருக்கும், அது சாதாரணமா இருக்கற வித்தியாசத்துக்குள்ள இருக்கறவரைக்கும் அதக் காட்டி கம்பெனி தன் பொறுப்ப குறைச்சுக்க முடியாது, யாருக்கு என்ன வேலைன்னு முடிவு பண்றப்போ ஆளோட சுபாவத்தையும் பாக்க முடியும்ல உன்னாலன்னு. எனக்கு இதுல பிடிச்சதே அந்த இடம்தான். சின்சியரான ஆளுன்னு தேடிப்பிடிச்சு எடுக்கறது, அப்புறம் அந்த சின்சியாரிட்டியவே அவன் குறைன்னு ஃபைல்ல எழுதறது.

(அதே கம்பெனில 2015 டிசம்பர்ல இன்னொரு 24 வயசுப் பொண்ணு. ஓவர்டைம் விஷயமா 2017ல கோர்ட் போட்ட அபராதம் 5 லட்சம் யென், அன்னிக்கு நம்ம காசுக்கு ஏதோ மூணு லட்சம். தீர்ப்பு வந்தா எல்லாம் மாறிடும்னு நான் சொல்ல வரல.)

உங்க ரெண்டாவது கேள்வி, கம்பெனிய குத்தம் சொல்லலாமாங்கறது. அதுக்கு ஃபிரான்ஸ் டெலிகாம் கதைய சொல்லணும். இன்னிக்கு ஆரஞ்சுன்னு பேர், முன்னாடி அரசாங்க டெலிபோன் இலாகா, நம்ம பிஎஸ்என்எல் மாதிரி. 2004ல அரசோட பங்கு பாதிக்குக் கீழ போயிடுச்சு, ஆனா பெரும்பாலான ஊழியருங்க பழைய அரசு ஊழியர் அந்தஸ்துலயே இருந்தாங்க, சும்மா சீட்டக் கிழிச்சு அனுப்ப முடியாது. நிர்வாகம் போட்ட கணக்கு, 1,20,000 பேர்ல 22,000 பேர் மூணு வருஷத்துல வெளிய போகணும், இன்னும் 10,000 பேர் வேற வேலைக்கு மாறணும். தூக்க முடியாத ஆள எப்படி அனுப்பறது? அவராவே போற மாதிரி பண்ணணும். தலைவரா இருந்த திதியே லொம்பார் 2006 அக்டோபர்ல பெரிய மேனேஜருங்க கூட்டத்துல சொன்னது பதிவாயிருக்கு: எப்படியாவது இவங்கள அனுப்புவேன், ஜன்னல் வழியாவோ கதவு வழியாவோ.

அதுக்கப்புறம் நடந்தது எதுவும் யாரும் யாரையும் கெட்ட வார்த்தைல திட்டினது இல்ல, அதான் கவனிக்க வேண்டியது. கம்பில ஏறி லைன் பாத்த டெக்னீஷியன கால் சென்டர்ல ஹெட்செட் மாட்டி உக்கார வச்சு எழுதிக் கொடுத்தத வாசின்னாங்க. உன் போஸ்ட் இனிமே இல்ல, நீயே வேற இடம் தேடிக்கோன்னாங்க. எத்தனை பேர அனுப்புனேங்கறத வச்சு மேனேஜருக்கு போனஸ். மேனேஜருங்க ஆயிரக்கணக்குல ட்ரெயினிங் போனாங்க, அங்க ஸ்லைடுல ஒரு வளைகோடு காட்டுனாங்க. சாகப்போற நோயாளிங்க மனசு எப்படியெல்லாம் போகும்னு குப்ளர்-ராஸ்னு ஒரு மனநல டாக்டர் அம்மா எழுதினாங்க, மறுக்கறது, கோபம், பேரம், சோர்வு, கடைசில ஏத்துக்கறது, அதே வளைகோடுதான், வேலை போகப்போறவனுக்குன்னு மாத்தி. அதாவது ஆளு உடைஞ்சு அழுதா எங்கேயோ தப்பா போகுதுன்னு தோணக்கூடாது, சரியான ஸ்டேஜ்ல இருக்கார், அடுத்தது ஏத்துக்கறதுதான்னு எடுத்துக்கணும். இத படிச்சதுலேர்ந்து பிஐபிங்கற வார்த்தைய கேக்கறப்போல்லாம் எனக்கு அந்த ஸ்லைடுதான் ஞாபகம் வருது.

2008, 2009 ரெண்டு வருஷத்துல 35 தற்கொலைன்னு யூனியன்காரங்க கணக்கு வச்சாங்க. மார்செய்ல 51 வயசு ஊழியர் ஒருத்தர் 2009 ஜூலைல எழுதி வச்சுட்டுப் போனார், வேலை மட்டும்தான் காரணம், வேற எதுவும் இல்லன்னு. லொம்பார் செப்டம்பர்ல இத ‘தற்கொலை ஃபேஷன்’னு சொல்லிட்டு அப்புறம் மன்னிப்பு கேட்டார்.

இப்போ உங்க கேள்வி, அப்படியே அங்கயும் வந்துச்சு. ஒரு புள்ளியியல் நிபுணர் பேப்பர்ல எழுதினார், லட்சம் பேருக்கு மேல வேலை பாக்கற இடத்துல இத்தனை சாவு நாட்டோட சராசரிதான், இதுல தற்கொலை அலைன்னு ஒண்ணுமே இல்லன்னு. கேக்க நியாயமா இருக்கும். ஆனா நாட்டோட சராசரில வேலை இல்லாதவங்க, படுத்த படுக்கையா கிடக்கறவங்க எல்லாரும் இருக்காங்க, சம்பளத்தோட நிரந்தர வேலைல இருக்கறவங்கள அதோட வச்சுப் பாக்கறது சரியில்லன்னு பதில் வந்துச்சு. அதவிட முக்கியம், கோர்ட் அந்த வழியாவே போகல. இவர் ஏன் செத்தார், வீட்ல என்ன சண்டை, லோன் எவ்ளோன்னு ஒவ்வொருத்தர் மனசுக்குள்ளயும் போய் நிரூபிக்கணும்னு கேஸ் நடக்கல. நடந்தது கொலை கேஸ் இல்ல, மனரீதியான துன்புறுத்தல் கேஸ். நீ மேல உக்காந்து போட்ட திட்டமே ஜனங்களோட வேலைச் சூழல கெடுக்கற திட்டமா, அது தெரிஞ்சே நடத்துனியா, அவ்ளோதான் கேள்வி. 39 பேரோட விவரம் கோர்ட்ல வந்துச்சு, 19 பேர் இறந்தவங்க, 12 பேர் முயற்சி பண்ணி பிழைச்சவங்க, 8 பேர் டிப்ரஷன்ல போனவங்க. 2019 டிசம்பர் 20ல தீர்ப்பு: கம்பெனிக்கு 75,000 யூரோ, லொம்பாருக்கு ஒரு வருஷம், அதுல எட்டு மாசம் நிறுத்திவச்சு. 2022ல அப்பீல்ல முழுசாவே நிறுத்திவச்சுட்டாங்க, ஜெயில் பாக்கல. 2025 ஜனவரில அங்கத்த உச்ச கோர்ட்டும் குத்தம் குத்தம்தான்னு உறுதி பண்ணிடுச்சு. தண்டனைய பாத்தா சிரிப்புதான் வருது, ஆனா தனக்கு முகமே தெரியாத ஊழியருக்கு திட்டம் போட்டே ஒரு தலைவர் துன்புறுத்தலாம், அது குத்தம்னு எழுத்துல வந்துடுச்சு.

நம்ம ஊர்ல அது இல்ல. ஆஃபீஸ்ல பாலியல் தொல்லைக்கு 2013 சட்டம் இருக்கு, மத்த துன்புறுத்தலுக்குன்னு தனிச்சட்டம் கிடையாது. இருக்கறது தற்கொலைக்குத் தூண்டறதுங்கற பிரிவு, பழைய 306, இப்போ பாரதிய நியாய சன்ஹிதால 108. அதுல யார், எப்போ, என்ன சொல்லி தூண்டுனான்னு காட்டணும். 2006ல லக்னோல ஒரு பெரிய கம்பெனியோட சேல்ஸ் ஆளு, 20 வருஷத்துக்கு மேல சர்வீஸ், விஆர்எஸ், அதாவது விருப்ப ஓய்வு எடுத்துக்கச் சொல்லி ஹோட்டல்ல மீட்டிங் போட்டு அவமானப்படுத்துனாங்கன்னு குடும்பம் சொல்லுச்சு, அன்னிக்கே இறந்துட்டார். அதிகாரிங்க மேல இருந்த அந்தக் கேஸ 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, சாகத் தூண்டணுங்கற நோக்கம் இதுல தெரியலன்னு. சட்டப்படி பாத்தா கோர்ட்ட குறை சொல்ல முடியாது. மீட்டிங்ல உக்காந்திருந்தவனும் அவனுக்கு மேல இருந்தவன் கொடுத்த லிஸ்ட்டத்தானே வாசிச்சிருப்பான். லிஸ்ட் போட்டது யாருன்னு கேக்கற சட்டம்தான் இங்க இல்ல.

அதனால எல்லா சாவும் வீட்டுக்குள்ளயே போய் விழுது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட 2022 புள்ளிவிவரத்த பாருங்க, 1,70,924 தற்கொலை, அதுல 31.7 சதவீதம் ‘குடும்பப் பிரச்சினை’, வேலை சம்பந்தப்பட்ட பிரச்சினைன்னு பதிவானது 1.2 சதவீதம். அதே புத்தகத்துல இன்னொரு பக்கம் இறந்தவங்கள்ல 26.4 சதவீதம் தினக்கூலிங்கன்னு இருக்கு. கூலி கிடைக்காம வீட்ல சண்டை வந்தா அது எந்த கட்டத்துல போகும்? உங்க நண்பர் வீட்டுக்கடன் வச்சிருந்தார்னு மேனேஜர் சொல்றாரே, இஎம்ஐ எதுலேர்ந்து கட்டணும், இன்சென்டிவ்லேர்ந்துதானே. வீட்ல சண்டைன்னா, ராத்திரி வரைக்கும் கால்ல இருக்கற மனுஷன் வீட்ல சண்டை வராம என்ன வரும். தற்கொலைக்கு ஒரே ஒரு காரணம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, நானும் சொல்லல. பல காரணத்துல ஆஃபீஸ மட்டும் வெளிய எடுத்து வைக்கறாங்களே, அதத்தான் சொல்றேன். ‘அவர் மட்டும் ஏன்’னு கேட்டுக்கிட்டே இருக்கறவரைக்கும் ரிவ்யூ கால் பாட்டுக்கு நடக்கும்.

வாட்ஸ்அப் குரூப்ப க்ளியர் பண்ணாதீங்க. எக்ஸ்போர்ட் பண்ணி உங்க சொந்த மெயிலுக்கு அனுப்பி வைங்க, ஆஃபீஸ் லேப்டாப்ல வேண்டாம். குடும்பம் போலீஸுக்கோ கோர்ட்டுக்கோ போறதா இருந்தா அவங்க முடிவு, நீங்க முன்னாடி நின்னு தூண்ட வேண்டாம், கேட்டா கொடுங்க. உங்களுக்கும் தூக்கம் வரலன்னு கடிதத்துல இல்ல, ஆனா எழுதியிருக்கற விதத்துல தெரியுது. 14416, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், எந்நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. டீம்ல அடுத்து பிஐபில யாராவது இருந்தா அவரோட சும்மாவாவது டீ குடிக்கப் போங்க, நேராவே கேளுங்க, அந்த மாதிரி நினைப்பு வருதான்னு. கேட்டா தூண்டிவிட்ட மாதிரி ஆயிடும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, அப்படி ஆகறதில்லன்னுதான் டாக்டருங்க சொல்றாங்க.

அப்புறம் அவர் வீட்டுக்கு ஒரு தடவை போங்க. எச்ஆர் வெபினார் லிங்க் அனுப்புச்சே, இத சொல்லுச்சான்னு தெரியல: வேலைல இருக்கறப்போ இறந்தா கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷக் கணக்கு பாக்கறதில்ல, பிஎஃப் பணம் தவிர இடிஎல்ஐன்னு 7 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, சாவுக்கு என்ன காரணம்னு அதுல பாக்கறதில்ல, பிஎஃப் பென்ஷன் திட்டத்துல இருந்தார்னா வீட்டம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும் பென்ஷன் வரும். அவரோட யூஏஎன்ங்கற பிஎஃப் நம்பர் அவங்களுக்கு தெரியாம இருக்கலாம், பழைய சம்பள ஸ்லிப்ல இருக்கும், கூட இருந்து ஃபார்ம் நிரப்பிக் கொடுத்துட்டு வாங்க.