நாலு பேர், ஒரு வாடகைக் கார், ஆறு நாடு: வாசகர் கேள்வி-பதில்

ஐரோப்பாவை வாடகைக் காரில், கையைக் கடிக்காத செலவில், வேகமாகச் சுற்றிவருவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான், வேறு வேறு ஊர்ப் பெயரோடு. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நண்பர்கள் நாலு பேர், ஜூனில் பத்து நாள் லீவு. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ப்ராக், வியன்னா, வெனிஸ், ரோம், அப்புறம் சுவிட்சர்லாந்து, எல்லாவற்றையும் காரிலேயே முடித்துவிடலாம் என்று ஒருவன் திட்டம் போட்டிருக்கிறான். நடக்குமா? (வாசகர், திருப்பூர்)

நடக்கும். பார்க்கத்தான் முடியாது. உங்கள் நண்பர் போட்ட வட்டம் நாலாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குக் கார் ஓட்டுகிற மாதிரி. அதை முடித்துவிட்டு வந்து ‘ரோம் எப்படி இருந்தது’ என்று யாராவது கேட்டால் பெட்ரோல் பங்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும். தவிர, இந்தப் பட்டியலில் முக்கால்வாசி பெரிய நகரங்கள். பெரிய நகரத்தில் கார் சுமைதான், நிறுத்தவும் காசு, நுழையவும் தடை. அந்த ஊர்களுக்கு ரயிலில் போங்கள். காரை எடுத்தால் கார் இல்லாமல் போக முடியாத சின்ன ஊர்களுக்கு எடுங்கள்.

வேகமும் வேண்டும், நாடுகளின் எண்ணிக்கையும் வேண்டும் என்றால் எல்லைகள் நெருக்கமாக இருக்கிற மூலையைப் பிடிப்பதுதான் வழி. ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, கார் எடுத்து, மோசல் ஆற்றோரமாக கோகெம் வழியே ட்ரியர். ரோமானியர் கட்டிய போர்ட்டா நீக்ரா வாசல் அங்கே இன்னும் கறுத்துப்போய் நிற்கிறது. அடுத்து லக்சம்பர்க், ஷெங்கன் கிராமம், பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க், கொல்மார், பிறகு பாசல், லூசெர்ன், லிக்டென்ஸ்டைனின் வாடூஸ், ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக், மறுபடி ஜெர்மனிக்குள் ஃபூசென், மியூனிக், ரோதன்பர்க், கடைசியில் ஃபிராங்க்ஃபர்ட். ஆறு நாடு, ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். பெரும்பாலான நாட்களில் மூன்று, நாலு மணி நேரம் ஓட்டினால் போதும், கடைசி நாள் மட்டும் கொஞ்சம் கூடும்.

இந்த வட்டத்தை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பகலில் விலை கூடிய பக்கத்தில் சுற்றலாம், ராத்திரி விலை குறைந்த பக்கத்தில் படுக்கலாம். லக்சம்பர்க்கில் அறை வாடகை கண்ணைக் கட்டும், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஜெர்மனியின் ட்ரியரில் அப்படியில்லை. ஸ்ட்ராஸ்பர்க்குக்கு எதிரே, ரைன் நதியின் மறு கரையில், கேல் என்று ஒரு ஜெர்மன் ஊர் இருக்கிறது. 2017 முதல் ஸ்ட்ராஸ்பர்க் ட்ராமே பாலம் ஏறி அங்கே வருகிறது, காரை அங்கேயே விட்டுவிட்டு ட்ராமில் பிரான்சுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பலாம். பாசலுக்கு இதே மாதிரி வைல் ஆம் ரைன், அங்கேயும் பாசலின் 8-ஆம் எண் ட்ராம் வரும். வாடூஸ் பார்த்த அன்றைக்கு ஆஸ்திரியாவின் ஃபெல்ட்கிர்க். சுவிட்சர்லாந்தில் ஒரே ஒரு ராத்திரி தங்கினால் போதும், ஏரியையும் மலையையும் விடியற்காலையில் பார்க்கிற ஆசைக்காக. விமான டிக்கெட்டில் ஆயிரம், ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்க மாதக் கணக்கில் விலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அறை எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை.

ஆறு நாடு என்றால் ஆறு விசாவா? எந்தத் தூதரகத்தில் கேட்பது? (வாசகி, நாகர்கோவில்)

ஒரே ஷெங்கன் விசா போதும். ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகளின் கூட்டு. லிக்டென்ஸ்டைன், சுவிட்சர்லாந்து இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. 2025 ஜனவரியிலிருந்து பல்கேரியா, ருமேனியா தரை எல்லைகளும் சேர்ந்து மொத்தம் 29 நாடுகள். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் வராது.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாடு. மேலே சொன்ன வட்டத்தில் ராத்திரிகள் பெரும்பாலும் ஜெர்மனியில், அதனால் ஜெர்மனி. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும், மே மாதம் எழுந்து ஜூனுக்கு நேரம் கேட்டால் கிடைக்காது.

நம்ம ஊர் லைசென்ஸ் போதுமா? (வாசகர், தஞ்சாவூர்)

ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும். அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும், அது இல்லாமல் இந்த அனுமதி வெறும் காகிதம்தான். இன்னொன்று, கார் யார் பெயரில் பதிவோ அவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். ‘என் மாமா கார்டு’ என்றால் கவுன்டரில் சாவி கிடைக்காது. 25 வயதுக்குக் கீழே என்றால் பல இடங்களில் கூடுதல் காசு.

ஆட்டோமேட்டிக்தான் ஓட்டுவேன், கிடைக்குமா?

கிடைக்கும், விலை ஏறும். சீக்கிரம் பதிவு செய்யுங்கள். கியர் கார் ஓட்டத் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால் அவரை நல்லபடியாக நடத்துங்கள்.

வலதுபுறம் ஓட்டுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. (வாசகி, மதுரை)

வலதுபுறம் ஓட்டுவது ரெண்டு மணி நேரத்தில் பழகிவிடும். ஆனால் இரவு விமானத்தில் வந்து இறங்கி நேராக ஸ்டியரிங் பிடிக்காதீர்கள், ஒரு ராத்திரி தூங்கிவிட்டு எடுங்கள். ரவுண்டானாவில் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை என்று நுழைவிலேயே பலகை சொல்லும். பலகை எதுவும் இல்லாத சின்னத் தெருச் சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும், அவர் முட்டுச்சந்துக்குள்ளிருந்து வந்தாலும் சரி. இதுதான் நம் ஆட்களைத் தடுமாற வைப்பது, ஏனென்றால் பெரிய வண்டிக்கு வழி விட்டுத்தான் நமக்குப் பழக்கம்.

ஆட்டோபான் என்கிற ஜெர்மன் விரைவுச் சாலையில் இடது தடம் முந்துவதற்கு மட்டும். முந்தினீர்களா, உடனே வலப்பக்கம் திரும்பிவிடுங்கள். கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த கார் நீங்கள் மூச்சு விடுவதற்குள் பின்னால் வந்து நிற்கும். போக்குவரத்து நெரிசலில் வண்டிகள் மெதுவாகும்போது ஒன்றைக் கவனியுங்கள். இடது தடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இடப்பக்க ஓரத்துக்கு ஒதுங்குவார்கள், மற்றத் தடங்களில் இருப்பவர்கள் எல்லாரும் வலப்பக்கம் ஒதுங்குவார்கள், நடுவே ஆம்புலன்ஸ் போகிற அளவுக்கு ஒரு சந்து திறந்திருக்கும். சைரன் கேட்ட பிறகு அல்ல, வண்டிகள் ஊரத் தொடங்கியதுமே. ஆஸ்திரியாவிலும் இதுவே சட்டம். அந்தச் சந்து காலியாகத்தானே இருக்கிறது என்று அதில் புகுந்து முன்னேறினால் அபராதம் கனமாக விழும், சுற்றி நிற்பவர்கள் பார்க்கிற பார்வை தனி.

டோல் எவ்வளவு ஆகும்? (வாசகர், ஈரோடு)

ஜெர்மனியிலும் லக்சம்பர்க்கிலும் காருக்கு டோல் இல்லை. பிரான்சிலும் இத்தாலியிலும் நம்ம ஊர் மாதிரி கேட் வைத்து, தூரத்துக்கேற்ப வாங்குவார்கள். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா இரண்டிலும் விக்னெட் என்கிற நெடுஞ்சாலை அனுமதி வில்லை. சுவிஸில் ஒரே வகைதான், வருடத்துக்கு 40 ஃபிராங்க். நீங்கள் ஒரு மதியம் மட்டும் ஓட்டினாலும் அதே 40தான், இதில் கோபப்பட்டுப் பயனில்லை. வாங்காமல் நெடுஞ்சாலை ஏறி மாட்டினால் 200 ஃபிராங்க் அபராதம் கட்டி, அதன்மேல் விக்னெட்டையும் வாங்க வேண்டும். ஆஸ்திரியாவில் ஒரு நாளைக்கு, பத்து நாளைக்கு என்றெல்லாம் உண்டு. பத்து நாள் வில்லைக்கும் ஒரு நாள் வில்லைக்கும் மூன்று யூரோ அளவுக்குத்தான் வித்தியாசம், பத்து நாளையே வாங்கிவிடுங்கள். ஃபெல்ட்கிர்க்கிலிருந்து இன்ஸ்ப்ரூக் போகும் வழியில் ஆர்ல்பெர்க் சுரங்கத்துக்குத் தனிக் காசு. கோடையில் அந்தச் சுரங்கத்தை விட்டுவிட்டு மலைமேல் கணவாய்ச் சாலையில் போனால் காசும் மிச்சம், காட்சியும் நன்றாக இருக்கும்.

விக்னெட்டை இணையத்தில் மின் விக்னெட்டாக வாங்கும்போது அரசின் தளத்தில் மட்டும் வாங்குங்கள். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் காசு பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள்தான் தேடலில் முதலில் வந்து நிற்கும். காரின் எண்ணும் தேவைப்படும், அதனால் கார் கைக்கு வந்த பிறகுதான் வாங்க முடியும்.

என் மச்சான் ஃப்ளாரன்ஸ் போய்வந்து பல மாதம் கழித்து அபராதக் கடிதம் வந்தது. அவர் வேகமாக ஓட்டவே இல்லையாம். (வாசகர், திண்டுக்கல்)

வேகத்துக்கு வந்திருக்காது. இத்தாலிய ஊர்களின் பழைய பகுதிக்குள் வெளி வண்டிகள் நுழையக் கூடாது, இசட்.டி.எல். என்று பெயர். வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, அதன் கீழே இத்தாலிய மொழியில் நேரக் குறிப்பு, இதுதான் பலகை. கேமரா எண்ணைப் பிடிக்கும், வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் கொடுக்கும், அப்படிக் கொடுத்ததற்கே உங்கள் கார்டில் ஒரு தொகை எடுக்கும், அபராதம் அப்புறம் தனியாக வரும்.  போன் காட்டுகிற வழியை நம்பிப் போனேன் என்பது அங்கே பதிலாகாது.

ஃப்ளாரன்ஸுக்கு என்றால் ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக நுழையும் வில்லா கோஸ்டான்சா என்ற நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கே காரை விட்டால் ட்ராம் நகருக்குள் கொண்டுபோய் விடும். விடுதி தடைப் பகுதிக்குள் இருந்தால் உங்கள் கார் எண்ணைப் பதிவு செய்துதர முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

பெட்ரோல் காருக்கு டீசல் போட்டுவிடுவோமோ என்று பயம்.

நியாயமான பயம், நாட்டுக்கு நாடு பெயர் மாறும். குழாயின் நிறத்தை நம்பாதீர்கள். 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரே அடையாளம்: வட்டத்துக்குள் இ5, இ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். டாங்க் மூடிக்குப் பக்கத்திலும் அதே வட்டமோ சதுரமோ ஒட்டியிருக்கும், வடிவத்தைப் பொருத்திப் பாருங்கள். ஆள் இல்லாத பங்கில் கார்டைச் செருகினால் போட்டதைவிட அதிகமான தொகையை முதலில் பிடித்துவைக்கும், பிறகு விட்டுவிடும், பதற வேண்டாம். ஆட்டோபானை ஒட்டிய பங்குகள் விலை அதிகம், ஓர் எக்ஸிட் இறங்கினாலே குறையும். ட்ரியரிலிருந்து லக்சம்பர்க் போகும்போது எல்லையில் வாசர்பில்லிக் என்ற ஊரில் பங்குகள் வரிசையாக நிற்கும். பக்கத்து நாட்டவர்கள் அங்கே வந்துதான் நிரப்புகிறார்கள், நீங்களும் நிரப்புங்கள்.

ஒரே நாளில் மூன்று நாடு பார்க்க முடியுமா? (பத்தாம் வகுப்பு மாணவர், விருதுநகர்)

பத்து நிமிடத்தில் முடியும் தம்பி. ஷெங்கன் கிராமத்துக்குப் போனால் மோசல் ஆற்றின் இந்தக் கரை லக்சம்பர்க், பாலம் தாண்டினால் ஜெர்மனியின் பெர்ல், தெற்கே கொஞ்சம் நகர்ந்தால் பிரான்சின் அப்பாக். எல்லைச் சோதனையை நீக்கும் ஒப்பந்தத்தில் 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் அங்கே கையெழுத்திட்டன. மேரி-ஆஸ்ட்ரிட் இளவரசி பெயர் கொண்ட கப்பலில், அதே ஆற்றின் மேல். உங்கள் விசாவில் இருக்கும் பெயர் இந்தச் சின்ன ஊருடையதுதான்.

வேடிக்கை என்னவென்றால் 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. எல்லாரையும் நிறுத்துவதில்லை, ஆனால் பாஸ்போர்ட்டை விடுதியில் விட்டுவிட்டுப் பாலம் ஏறாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நாங்கள் சைவம். ஊரிலிருந்தே எடுத்துப் போகலாமா? (வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்)

பொடி வகைகள், புளிக்காய்ச்சல், அப்பளம் எல்லாம் தாராளமாக. ஆனால் உங்கள் ஊர்ப் பால்கோவா ஏறாது அம்மா. வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை, நெய்யும் அதில் சேரும். கறிவேப்பிலைக் கொத்தும் கூடாது. தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுபோகலாம் என்பது ஆச்சரியமான உண்மை.

அடுப்பு உள்ள அறையாகப் பிடியுங்கள். காலையும் ராத்திரியும் சமைத்து, மதியம் சூப்பர் மார்க்கெட் ரொட்டியும் தயிரும் பழமும். அல்லது துருக்கியர் கடையில் ஃபலாஃபெல் (கொண்டைக்கடலை வடை மாதிரி), வயிறு நிறையும். இந்தத் திட்டத்தில் ஓட்டை விழுவது ஞாயிற்றுக்கிழமைதான். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அன்றைக்குச் சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்திலும் பெட்ரோல் பங்கிலும்தான் ஏதாவது கிடைக்கும், விலையும் அதற்கேற்ப. சனிக்கிழமை சாயங்காலமே வாங்கிவிடுங்கள்.

மூன்றே பேர், அதில் ஒருவர் அம்மா. காரா ரயிலா? (வாசகர், சேலம்)

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டா இல்லையா என்று எழுதவில்லை. உண்டு என்றால் கார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் மாறுவது அவருக்குத் தண்டனை. இல்லை என்றால், பெரிய நகரங்கள்தான் குறி என்றால், ரயில். லக்சம்பர்க்கில் 2020 முதல் பஸ், ட்ராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாமே இலவசம், வெளிநாட்டவருக்கும்.

கார்டு மெஷின் ரூபாயில் கட்டவா யூரோவில் கட்டவா என்று கேட்கிறது. (வாசகர், கோயம்புத்தூர்)

யூரோ. ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர் வைப்பார். சுவிஸில் ஃபிராங்க்.

பாத்ரூமுக்கும் காசாமே? (பெயர், ஊர் இல்லை)

ஆமாம், ஆட்டோபான் ஓரத்தில் பல இடங்களில் ஒரு யூரோ. கையில் ஒரு சீட்டு வரும், தூக்கிப் போடாதீர்கள், அங்கே கடையில் காபி வாங்கும்போது கழித்துக்கொள்வார்கள். காலி பாட்டிலையும் போடாதீர்கள், ஜெர்மனியில் வாங்கியது என்றால் 25 சென்ட் வரை சூப்பர் மார்க்கெட் மெஷினில் திரும்பக் கிடைக்கும். எல்லை தாண்டுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், பிரான்சில் அந்தப் பாட்டிலுக்கு மதிப்பில்லை.