எலும்புப் புற்றுநோயும் நம் வீட்டுச் செடிகளும்: மருந்தாளுநர் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து இந்த வாரம் வந்த கேள்விகள் இவை. பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அரசு மருத்துவமனை மருந்தகங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு கேள்வி அவசரமானது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, என் மகனுக்கு 14 வயது. பந்து விளையாடி முட்டி வீங்கியது. ஐந்து வாரமாக எண்ணெய் தேய்த்து உருவி விடுகிறோம். இரவில் வலிக்கிறது என்கிறான். என்ன பத்துப் போடலாம்?

பதில்: பத்து எதுவும் வேண்டாம் அம்மா. உருவுவதை இன்றே நிறுத்துங்கள். நாளைக் காலை கிளினிக்குக்கு அழைத்துச் சென்று எக்ஸ்ரே கேளுங்கள். சாதாரண அடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு வரும் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் முட்டியைச் சுற்றித்தான் தொடங்குகிறது. வாரக்கணக்கில் வற்றாத வீக்கமும் இரவு வலியும் சேர்ந்திருந்தால் காத்திருக்கக் கூடாது. என் பணிக்காலத்தில் மூன்று மாதம் உருவிய காலோடு ஒரு பையன் வந்தான். நோயில் வலுவிழந்த தொடையெலும்பு முறிந்திருந்தது. நல்லெண்ணெய் வாசம் அப்போதும் அந்தக் காலில் இருந்தது.

கேள்வி: படிவம் ஆறு மாணவன் நான். எலும்புப் புற்றுநோய்க்குத் தாவரத்திலிருந்து மருந்து உண்மையிலேயே உண்டா?

பதில்: உண்டு தம்பி. எந்த வகைப் புற்றுநோய் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். யூவிங் சர்கோமா என்ற வகைக்குக் கொடுக்கும் மருந்துகளில் இரண்டு தாவர வழி வந்தவை. வின்கிறிஸ்டின் நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது. எட்டோபோசைடு, பொடோபில்லம் செடியின் வேர்ச்சத்தை வேதியியல் முறையில் மாற்றிச் செய்தது. அந்தச் செடியின் ஓர் இனம் இமயமலையில் வளர்கிறது.

ஆஸ்டியோசர்கோமாவின் கதை வேறு. அதற்கான மூன்று முக்கிய மருந்துகளில் டாக்சோரூபிசின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. சிஸ்பிளாட்டின் பிளாட்டினம் என்ற உலோகத்தால் ஆனது. மெத்தோட்ரெக்சேட் ஆய்வகத்தில் உருவானது. மூன்றில் ஒன்றுகூடச் செடியிலிருந்து வரவில்லை. ஆனால் 1970களுக்கு முன், காலை வெட்டி எடுத்த பிறகும் ஐவரில் நால்வருக்கு நோய் திரும்பியது, பெரும்பாலும் நுரையீரலில். இன்று, நோய் பரவுவதற்கு முன் கண்டுபிடித்து மருந்தும் அறுவையும் சேர்த்துச் செய்தால் பத்தில் ஆறேழு பேர் பிழைக்கிறார்கள்.

கேள்வி: மஞ்சள்?

பதில்: ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்த எலும்புப் புற்றணுக்களை மஞ்சளின் குர்குமின் கொல்கிறது, அது உண்மை. கிண்ணத்தில் நேரடியாக ஊற்றுகிறார்கள். வயிற்றின் வழியாகப் போனால் அந்த அளவு போய்ச் சேர்வதில்லை. ஒரே வேளையில் 12 கிராம் வரை விழுங்கவைத்தும் இரத்தத்தில் கிடைத்தது மிகச் சொற்பம். மிளகு சேர்த்தால் கூடுதலாக ஏறும், ஆனால் அதே மிளகு மற்ற மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்தையும் மாற்றக்கூடும். குழம்பில் போடுங்கள். மாத்திரையாக வாங்கும்முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற தமிழாசிரியர் எழுதுகிறேன். நித்தியகல்யாணியே மருந்து என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த இலையை நாங்களே கஷாயம் வைத்துக் குடித்தால் என்ன? புட்டியில் அடைத்தால்தான் மருந்தா?

பதில்: ஐயா, இதற்கு ஒரு சம்பவமே பதில் சொல்கிறது. 1952இல் ஜமைக்காவிலிருந்து நித்தியகல்யாணி இலைகள் கனடாவுக்கு அஞ்சலில் போயின. ஜமைக்காவில் நீரிழிவுக்கு அதைத் தேநீராகக் குடித்தார்கள். ராபர்ட் நோபிள் என்ற மருத்துவர் இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை குறையவில்லை. ஊசியாகச் செலுத்தியபோது வெள்ளையணுக்கள் சரிந்து, எலிகள் தொற்று நோயில் இறந்தன. அங்கிருந்துதான் அவரும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்து 1958இல் அறிவித்தார்கள். வின்கிறிஸ்டின் அதன் தங்கை. வாயில் போனால் நம்ப முடியாது, இரத்தநாளத்தில் அளவு மீறினால் ஆளைக் கொல்லும்.

வின்கிறிஸ்டின் வழக்கமாக ஒரு வேளைக்கு அதிகபட்சம் 2 மில்லிகிராம். கண்ணீர்போல நிறமற்ற அந்த 2 மில்லிலிட்டரை எத்தனையோ முறை கையில் பிடித்திருக்கிறேன். இரத்தநாளத்தில் மட்டும் செலுத்த வேண்டும், வேறு வழியில் செலுத்தினால் உயிர்போகும் என்று அதன்மேல் ஒட்டியிருக்கும். இந்தச் செடியில் ஆல்கலாய்டுகள் எனப்படும் வீரியமான வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன. உங்கள் அடுப்பில் கொதிக்கும் சட்டியில் எது எவ்வளவு என்று யார் அளப்பது?

மீண்டும் அதே ஆசிரியர்: எலி வேறு, மனிதன் வேறு. சித்தர் வழியை இழிவாகப் பேசுகிறீர்கள்.

பதில்: இல்லை ஐயா, சித்தர் வழியைத்தான் சாட்சிக்கு அழைக்கிறேன். நஞ்சுள்ள சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் எந்தச் சித்த வைத்தியராவது கொடுப்பாரா? சுத்தி, அளவு, அனுபானம் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் தேன், பால் போன்றவை), பத்தியம் என்று வகுத்து வைத்தவர்கள் அவர்கள். கைப்பிடி இலையைப் பறித்துக் கொதிக்க வைப்பது அந்த வழியும் இல்லை.

இன்னொருவர்: எங்கள் அத்தை இந்தக் கஷாயம் குடித்துக் குணமானார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: அத்தைக்கு வந்தது எந்தப் புற்றுநோய், திசுச்சோதனை செய்தார்களா, அறுவையோ ஊசியோ நடந்ததா? மூன்றையும் எழுதுங்கள், பிறகு பேசலாம். அத்தை நலமாக இருப்பது எனக்கும் மகிழ்ச்சியே.

கேள்வி: முள்சீத்தா (டுரியான் பெலாண்டா) இலை?

பதில்: எலும்புப் புற்றுநோயாளிகளைக் குணமாக்கியதாக மனிதச் சோதனை எதுவும் காட்டவில்லை. குவாடலூப் தீவில் இந்த மரத்தின் பழமும் இலைத்தேநீரும் நெடுங்காலம் உட்கொண்டவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற நடுக்கநோய் அதிகம் இருந்ததை 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். இலையைக் காய்ச்சாதீர்கள்.

கேள்வி: சாபா பாம்புப்புல் என்ற மூலிகை? (மூவர் கேட்டது)

பதில்: மூவருக்கும் ஒரே பதில்: ஆய்வகக் கிண்ணம் வேறு, மனித உடல் வேறு. மஞ்சளுக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 180 வெள்ளிக்கு மூலிகைச் சொட்டு விற்கிறார்கள். அப்பாவின் புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1956ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பதிவில்லாத நாட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. சொட்டு குடித்து இரண்டு நாள் வலி குறைந்தால், அதற்குக் காரணம் அந்த ஸ்டீராய்டாகவே இருக்கலாம். அப்பாவுக்கு வந்தது எலும்பில் பிறந்த நோய் இல்லை. அவருக்கான சிகிச்சையும் வேறு. புற்றுநோய் மருத்துவரிடம் வலிக்கு மருந்து கேளுங்கள், தயங்காதீர்கள்.

கேள்வி: பாம்புப்புல் சாறு தினமும் எவ்வளவு?

பதில்: மேலே பாருங்கள். சிகிச்சையில் இருப்பவர் என்றால் சிஸ்பிளாட்டினும் மெத்தோட்ரெக்சேட்டும் சிறுநீரகத்தைப் படுத்தும். அந்த நேரத்தில் எந்தச் சாறும் வேண்டாம், பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) கூட வேண்டாம். சிறுநீரகம் சோர்ந்தவருக்கு அது மூளையைத் தாக்கும். ஏற்கெனவே குடித்திருந்தால் மறைக்காமல் புட்டியோடு மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

முதல் கேள்வி கேட்ட அம்மாவுக்கு: உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. கிளினிக் காலை 8 மணிக்குத் திறக்கும். பள்ளிக்கு விடுப்புக் கடிதத்தை மறுநாள் கொடுத்துக்கொள்ளலாம்.